பல் தெரிந்த படம்

முதல் படம் எடுத்தது அட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில். எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்த நேரம். அம்மா என் முகத்தில் பவுடரை அப்பியது போதாதென்று, ஸ்டூடியோக்காரரும் படத்தைக் கழுவும்போது என்னவோ தொட்டுத் தடவிவிட்டார். பின்னால் திரையில் வரைந்த ஏரி, அதில் இரண்டு அன்னம், முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு பெண். "இது யாரும்மா?" என்று கேட்டேன். "வாய மூடு புள்ள, லட்சணமா இருக்கு" என்றாள் அம்மா.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. நான் தேத்தண்ணித் தட்டோடு போய் அவர்கள் முன்னால் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, "சரி, பொண்ண வரச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். இவள்தான் பெண் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். தேத்தண்ணியை உறிஞ்சி முடித்ததும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு எழுந்தார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அழவில்லை என்றால் பொய். ஆனால் அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். என் கறுப்பு எனக்கு ஒருநாளும் குறையாகத் தெரிந்ததில்லை. தட்டோடு எதிரிலேயே நின்றும் என்னை நானென்று தெரியாமல் போனதே, அதில்தான் வயிறு எரிந்தது. அடுத்த வரன் நானுஓயா பக்கத்திலிருந்து வந்து, அவர்களும் படம் கேட்டபோது, நான் ஒற்றைக் காலில் நின்றேன். படத்தை வெளியில்தான் எடுக்க வேண்டும். நிஜ வெளிச்சம், நிஜ மலை. பார்க்கிறவர் என்னைப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் அங்கேயே இருந்துகொள்ளட்டும், மெனக்கெட்டு வந்து எங்கள் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டாம்.

சொல்வது சுலபம். அந்த வருஷங்களில் கேமராவுக்கு ரோல் கிடைப்பது குதிரைக் கொம்பு. டவுனில் வேறொரு போட்டோக்காரரைப் பிடித்தோம். கழுத்தில் பெட்டிக் கேமராவைத் தொங்கவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்கிறவர். "ஒரு கல்யாண வீடு இருக்கு தங்கச்சி. அதுல ரோல் மிஞ்சினா வர்றேன். மிஞ்சாட்டி என்னைத் திட்டக்கூடாது" என்றார். முன்பின் தெரியாத யாரோ இரண்டு பேரின் கல்யாணத்துக்கு அவ்வளவு ஆசையோடு காத்திருந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது இடம். அம்மா கோயில் படிக்கட்டு என்றாள். அங்கே நின்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கண் மிச்சமில்லாமல் பார்க்கும். முதலில் வந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், இந்த முறை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்றிருந்தேன். அருவிப் பக்கம் போனால் சாரலும் அட்டையும். கடைசியில் மேல்மலை உச்சியில் இருக்கிற பாறையைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் பனி இறங்குவதற்கு முன்னால் அங்கே நின்றால் முதுகுக்குப் பின்னால் சிவனொளிபாத மலை நீலமாக நிற்கும். அந்த மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் முறை திங்கட்கிழமைதான் வரும். ஆகவே ஞாயிறு காலை அங்கே ஈ காக்கை இருக்காது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை அரைநேர வேலை முடிந்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு அட்டனுக்குப் போனேன். ரோலில் இரண்டு படம் மிச்சம் இருப்பதாகப் போட்டோக்காரர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசியும் ரிப்பனும் வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பினோம். விடிந்ததும் போட்டோக்காரர் வந்து சேர, குறுக்குப் பாதையால் மூன்று பேரும் பாறைக்கு ஏறினோம்.

நான் சேலை மடிப்பைச் சரிசெய்து நின்று, அவர் குனிந்து பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லி முதல் படத்தை எடுக்கிற நேரம் பார்த்து ஒரு பனிக்கூட்டம் வந்து என்னை அப்படியே விழுங்கியது. "வெள்ளையாத்தான் விழும்" என்றார் அவர். மீதி ஒன்றே ஒன்று. பனி விலகட்டும் என்று உட்கார்ந்தோம். அப்போது கீழே பேச்சுச் சத்தம். பனி கலையக் கலையத் தலைத்துணி ஒன்று, கூடை ஒன்று, பிறகு ஒரு மலை நிறையப் பெண்கள்!

கைக்காசு. கொழுந்து முற்றிவிடுகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கச் சொல்லி அன்றைக்கே கையில் காசு கொடுப்பார்கள். திங்கட்கிழமை மலையைத்தான் முன்னால் தள்ளி எடுப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? தினமும் கூடை தூக்குகிறவள் நான்! நான் ரிப்பன் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி லயமெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அடியே, பாறையில யாரு? நம்ம புள்ளயா?" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், மானம் கப்பலேறியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா கூடையோடு ஏறி வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கங்காணி கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "இது கொழுந்து மலையா, போட்டோ மலையா? அவங்கவங்க செடி நிரையைப் புடிங்க!"

பெரியம்மா திரும்பிப் பார்த்து, "ஏன் கங்காணி கோவப்படுறீங்க? நீங்களும் மேல வந்து நில்லுங்க. ரெண்டு பேரன் இருந்தா என்ன, ஒங்களுக்கும் ஒரு பொண்ணு பாத்துருவோம்" என்றார். மலையே சிரித்தது. கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த அந்த நொடியில் 'கிளிக்' என்றது.

"ஐயோ, கை பட்டுருச்சு தங்கச்சி. பல்லெல்லாம் தெரியும். ரோலும் முடிஞ்சிருச்சு" என்றார் போட்டோக்காரர், பாவம்.

கல்யாணப் படத்தில் பெண் பல்லைக் காட்டக்கூடாது. அடக்கமாக, பாதி பயந்த மாதிரி இருக்க வேண்டும். படம் கைக்கு வந்ததும் அம்மா தலையில் கை வைத்தாள். "இத அனுப்பினா திமிரு புடிச்சவன்னு நெனைப்பாங்க. அடுத்த ரோல் வரட்டும்." நான் படத்தைப் பார்த்தேன். மலை தெரிந்தது, காற்றில் கலைந்த முடி தெரிந்தது, கறுப்பாக நான் தெரிந்தேன். "இதத்தான் அனுப்பணும். இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றேன். அப்பா அதைக் கடித உறையில் போட்டு ஒட்டினார்.

பதில் வரக் காணோம். எனக்கென்ன என்று வெளியில் காட்டிக்கொண்டாலும், தபால்காரர் தலை தெரிந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். ஒருவேளை அம்மா சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது. பிறகொரு நாள், வருகிற சனிக்கிழமை பின்னேரம் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. மதியம் வேலை முடிந்து ஏழெட்டுப் பேர் வரிசையாக ரோட்டில் இறங்கி வந்தோம். இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் நனைந்த துணி, முழங்கால் வரை சேறு. யார் எவள் என்று பெற்றவளுக்கே தெரியாது. வளைவில் பஸ் நின்றது. ஓர் அம்மாவும் அவர் மகனும் இறங்கினார்கள். அவர் குடையை விரித்தபடி எங்கள் வரிசையைப் பார்த்தார். முன்னால் போனவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பஸ்ஸு முந்தியே வந்துருச்சுங்க. நீங்க அவசரப்படாமப் போய் உடுத்துக்குங்க. நாங்க மெதுவா நடந்து வர்றோம்" என்றார்.

வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதற்கு அப்புறம். நான் அந்த ரோட்டிலேயே சரி என்றுவிட்டேன், மனதுக்குள்.