கை இறங்கினால்தான் வில் நகரும்

விஜயராணிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். தூக்கிய கையை இறக்காமல் நிற்பாள். வயலினைத் தோளில் சாய்த்து எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும். யார் முந்தியது, யார் பிந்தியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். கை இறங்கினால்தான் வில் நகர வேண்டும். அதற்கு முன்னால் இருமல்கூட வரக்கூடாது.

நாசரேத்துப் பக்கத்துக் கிராமத்தில், சர்ச் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தவள். கட்டிங் மாஸ்டர் ராபினைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்ததும் செக்கிங்கில் உட்கார்ந்து பனியனில் ஓட்டை தேடினாள். இரண்டாயிரத்து ஒன்றில், வேலம்பாளையம் லைன் வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கப்போகிறேன் என்று சொன்னபோது, கல்யாண வீட்டுக் கச்சேரிக்கா என்றுதான் ராபினே கேட்டான். பாடுகிறவர் எங்கே, கீபோர்டு எங்கே என்று லைன் வீட்டில் எல்லோரும் தேடினார்கள். முன்னால் நிற்கிறவள் வாசிக்கவும் இல்லை, பாடவும் இல்லை. ‘கையாட்டு டீச்சர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் ஆட்டியது பழைய சைக்கிள் ஸ்போக். பிடிக்கும் இடத்தில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி வைத்திருந்தாள்.

பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் தன் குடோன் மாடியை அவளுக்குத் திறந்துவிட்டார். வயலின்களும் அவர் வாங்கிக் கொடுத்தவைதான். நல்ல மனுஷர் என்று ஊரே சொன்னது. விஜயராணியும் சொன்னாள். ஆனால் ஷிப்மெண்ட் அவசரம் என்றால் அவருடைய கம்பெனிதான் அவளுடைய நாற்காலிகளைக் காலி செய்தது. டெய்லர் தைத்துத் தள்ளுவதை வாங்கி மடித்து அடுக்கும் கைமடி வேலைக்கு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போனார்கள். சில பேர் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் வயலின் வரிசையை முன்னால் உட்கார்ந்து நடத்தும் முத்துக்கனி அப்படிப் போனவள்தான். வயது பதிமூன்று. தலையில் பஞ்சோடு வருவாள். வாசிக்கத் தொடங்கினால் அந்த வரிசையே அவள் வில்லைப் பிடித்துக்கொண்டு போகும்.

விஜயராணிக்கு ஆத்திரமாக வரும். அனுப்புகிற தாய்மார் மேல் வரும், வாங்கிக்கொள்கிற முதலாளி மேல் வரும். அந்த ஆத்திரத்தைப் பிள்ளைகளிடம் காட்டுவாள். “ஏட்டி, நேத்து எங்க போன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கையைத் தூக்கிவிடுவாள். பதில் வந்தால் சென்னியப்பனிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் மாடி போய்விடும்.

இரண்டாயிரத்து ஆறில் பையர் விசிட் வந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருவதென்றால் கம்பெனிக்கு அது ஒரு திருவிழா. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கக்கூஸில் சோப்பு வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்புவார்கள். கொஞ்சம் உயரமாக வளர்ந்த பிள்ளைகள் உள்ளேயே இருப்பார்கள். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சசிகுமார் அவர்களுக்கு இங்கிலீஷில் உருப்போட வைத்திருந்தார். இந்த முறை சென்னியப்பனுக்குப் புதிதாக ஒரு யோசனை. தொழிலாளர்களின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படி வாசிக்கிறார்கள் என்று மாடியில் காட்டிவிட வேண்டும். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை வந்தது.

பிள்ளைகள் அன்றைக்கு வாசித்தது போல அதற்குமுன் வாசித்ததில்லை. சரக்கு வாங்க வந்திருந்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நேராக முத்துக்கனியிடம் போய்க் குனிந்து, பேர் என்ன, என்ன வயது என்று கேட்டாள். முத்துக்கனி விஜயராணியின் கையைப் பார்த்தாள். பெருமையில் நனைந்து நின்றிருந்த விஜயராணி, சொல்லு என்பதுபோல் ஸ்போக்கை இறக்கினாள்.

முத்துக்கனி விறைப்பாக எழுந்து நின்றாள். வெள்ளைக்காரி இங்கிலீஷில் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

“ஐ ஆம் எய்ட்டீன் இயர்ஸ் மேடம். எய்ட் அவர்ஸ் ஒர்க். நோ ஓவர்டைம். சண்டே லீவ்.”

ஒரு இடத்திலும் பிசகவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அம்மாளின் முகம் மெதுவாக மாறியது. அவள் சசிகுமாரைத் திரும்பிப் பார்த்தபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சென்னியப்பன் விஜயராணியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அந்தம்மா நாளைக்கு மறுபடியும் வருகிறதாம், டீச்சரிடம்தான் பேச வேண்டும் என்கிறதாம்.

“ஒண்ணும் பெருசாச் சொல்ல வேண்டாமுங்க. அந்தப் புள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மந்தமுங்க, என்ன கேட்டாலும் எதையாவது ஒளறும், பாவம்னு நாங்கதான் சேத்துக்கிட்டோம்னு சொல்லிப்போடுங்க. மாடி உங்குளுதுதானுங்க, எப்பவும்.”

விஜயராணி காபியைத் தொடவில்லை. திருடி என்று சொல்லச் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பாள். வரிசையையே இழுத்துக்கொண்டு போகிற பிள்ளையை மந்தம் என்று சொல்ல வேண்டுமாம், அதையும் அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். எழுந்து வந்தாள்.

வீட்டு வாசலில் முத்துக்கனியின் அம்மா சின்னத்தாய் காத்திருந்தாள். அவளும் அதே கம்பெனிதான். விஜயராணி வருவதற்கு முன்பே விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

“மந்தம்னே சொல்லிருங்கக்கா. சொன்னா என்ன, தேஞ்சா போயிருவா? எங்க ரெண்டு பேருக்கும் வேலை நிக்கும்லா.”

“நீ பெத்தவதானட்டி?”

“பெத்தவதான். அதான் சோத்தை நினைக்கேன். நீங்க பாட்டை நினைக்கிய.”

விஜயராணிக்குக் கோபம் இன்னும் கூடியது. கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அந்த அம்மாள் மாடிக்கு வந்தபோது சென்னியப்பனும் சசிகுமாரும் பக்கத்திலேயே நின்றார்கள். விஜயராணி தனக்குத் தெரிந்த சர்ச் இங்கிலீஷில் சொன்னாள். இந்தப் பிள்ளைக்கு வயது பதிமூன்று. கீழே கைமடி வேலை செய்கிறாள். நேற்று அவள் சொன்னது இவர்கள் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இத்தனை நாளும் தெரியும். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

அந்த அம்மாள் ஆர்டரை நிறுத்திவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். வேறு கம்பெனிக்கு மாற்றினாள் என்றும் சொன்னார்கள். மாடிக்குப் பூட்டு விழுந்தது, வயலின்கள் உள்ளே. சின்னப் பிள்ளைகளை எல்லாம் நிறுத்திவிட்டதாகப் போர்டு வைத்தார்கள். சின்னத்தாயையும் சேர்த்து நிறுத்தினார்கள். அடுத்த வாரமே தாயும் மகளும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பெனியில் நுழைந்தார்கள். மகள் அங்கேயும் கைமடிதான். தெருக் குழாயடியில் பெண்கள் விஜயராணிக்கு வழி விடவில்லை. பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்று காதில் விழும்படியே பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் வீட்டு ஒற்றை அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்து இடம் பண்ணினாள். வந்தது பாதிப் பேர். வயலின் இல்லை. அவரவர் பங்கை வாயால் பாடச் சொன்னாள். முதல் வரிசை மேலே போனது. இரண்டாம் வரிசை இழுக்க ஆளில்லாமல் தடுமாறியது. கையைத் தூக்கியபடி நின்றாள்.

கதவு திறந்தது. முத்துக்கனி தலையில் பஞ்சோடு வந்து நின்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்தேன் என்றாள்.

“உன்னை யாரு கேட்டா? பாட்டு தொடங்கி எம்புட்டு நேரமாச்சு?” என்றாள் விஜயராணி. “உக்காரு.”

அவள் உட்காரும்வரை கை இறங்கவில்லை.