அற்புதராணியின் சாக்கு

கோயில் சபை பலமுறை "பாப்பம், பாப்பம்" என்று தட்டிக்கழித்த பிறகு, கடலட்டை காயப்போட ஒரு துண்டு வெளி. கணவன் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்த, அட்டை அவிக்க ஒரு தகரக் கொட்டில். பச்சைக் கடலட்டையை மட்டுமே வாங்கிப் பழகிய முதலாளியிடம், அவித்துக் காய்ந்ததற்குரிய விலை. குருநகர்க் கரையில் அற்புதராணி இவ்வளவையும் வாதாடியே வென்றாள்.

காய்ந்த அட்டை இரண்டை ஒன்றோடொன்று தட்டிக் காதருகே பிடிப்பாள். கல்லுப்போலச் சத்தம் கேட்கவேண்டும். "இது இன்னும் முணுமுணுக்குது" என்று மறுபடி வெயிலில் எறிவாள். அந்த ஊரில் எவரும் வாய் வைக்காத பண்டம் அது. சிங்கப்பூரில் அதுதான் கலியாண விருந்து. அக்காள் மக்டலீன், தங்கை எறிந்ததையெல்லாம் பொறுக்கிப் பாயில் வரிசையாக அடுக்குவாள். கோணல் அவளுக்குப் பிடிக்காது.

கப்பலில் வேலை செய்த சந்தியோகு ஒருநாள் கொட்டிலில் கதைத்துக்கொண்டிருந்தார். "கொரியாவிலை, பூசான் துறைமுகத்திலை பொம்பிளையள் பொய்முடி கட்டிக் கப்பல் கப்பலா அனுப்பினவளவை. அப்ப எங்களைவிட வறிய சனம். இப்ப காரும் அவங்களே செய்யிறாங்கள்."

"மக்டலீன் அக்காவின்ரை கொண்டை ஒரு கப்பலுக்குக் காணும்" என்றாள் அற்புதராணி. எல்லாரும் சிரித்து முடிய, அவள் கேட்டாள்: "முடி கொட்டுப்படுதெண்டு சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பாங்களே, சந்தியோகண்ணை? அப்ப என்ன செய்தவளவை?"

"உதை நான் கேக்கேல்லைப் பிள்ளை."

"அதையெல்லோ கேட்டிருக்க வேணும்!"

அடுத்த கிழமை முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சிங்கப்பூரிலை பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்காம். ஆரின்ரை சாக்கெண்டு தெரியேல்லை. இன்னொருக்கா உப்பிடி நடந்தால், பழையபடி பச்சையாத்தான் வாங்குவன்."

"என்ரை இல்லை" என்றார்கள் பெண்கள், ஒருவர் விடாமல். கொஞ்சம் ஈரத்தோடு கட்டினால்தான் நிறை நிற்கும் என்பது அந்தக் கரையின் வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும்; அவசரத்தில் அற்புதராணியும் அப்படிக் கட்டியதுண்டு. அவள், அனுப்பக் கட்டிவைத்திருந்த தன் சாக்கை அவிழ்த்துப் பாயில் கொட்டினாள். ஒவ்வொன்றாகத் தட்டினாள். "என்ரையும் முணுமுணுக்குது" என்றாள்.

மறுபடி காயப்போட்டாள். சாக்கு அரைவாசிக்கு இறங்கியது. மக்டலீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். "உனக்கென்ன விசரே? மற்றவளவை ஈரத்தோடை நிறுத்துக் குடுக்க, நீ மட்டும் ஏன் நட்டப்படுறாய்?"

"ஆரின்ரையோ சாக்கெண்டு கிடக்கும்வரைக்கும் நல்லதுக்கும் கூடாததுக்கும் ஒரே விலைதான் அக்கா. பிழையெண்டால் என்னட்டைத் திரும்பி வரட்டும்."

படகுக்குப் பூசும் கறுப்புப் பெயின்ற் பேணியை எடுத்து வந்தாள். அதுவரை கையெழுத்துக் கேட்ட இடமெல்லாம் பெருவிரலை நீட்டியவள் அவள். மக்டலீன் தூரிகையைத் தரச்சொல்லிக் கையை நீட்டினாள்.

"நீங்கள் மண்ணிலை எழுதிக் காட்டுங்கோ. சாக்கிலை நான் எழுதுறன்."

மக்டலீன் ஈர மணலில் தங்கையின் பெயரைப் பெரிதாக எழுதினாள். அற்புதராணி சாக்கின் முன் முழந்தாளிட்டு, மணலையும் சாக்கையும் மாறிமாறிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது சாக்கின் மறுபக்கம் திரும்பியது. கோணல் பொறுக்காத மக்டலீன் அதைத் திருத்தவில்லை. அன்று சூசையப்பர் திருநாள், 1983 மார்ச் 19, சனிக்கிழமை.