தேட வேண்டாத பட்டியல்

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு மெஷினுக்கு முன்னால் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று என் பழைய எழுத்தை ஒளித்தும் வைத்தேன்.

தூத்துக்குடியில் படகுக்காரர் சங்கம் ஒன்றுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எழுதியவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிற அளவுக்குப் பெரிய புயலை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கூண்டு ஏறாமலே படகைக் கவிழ்க்கிற காற்றும் உண்டு. அதற்காக எங்கள் புரோகிராம் விடிவதற்கு முன் வானிலை அறிக்கையைப் படித்து, காற்று மிஞ்சும் என்று கண்டால் சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் போனுக்கும் செய்தி அனுப்பும்.

போன வருடம் ஏ.ஐ. கோடிங் ஏஜென்ட் ஒன்றைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். அதன் கையில் ஒரு தேடும் கருவி. ஒரு சொல்லைக் கொடுத்தால் இருக்கிற கோப்புகளையெல்லாம் கண் இமைப்பதற்குள் துழாவி, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிடும். எனக்கோ மூக்குக்கண்ணாடியைத் தேடவே அரைமணி நேரம் ஆகும், அதுவும் அது மூக்கில் இருக்கும்போது. ஏஜென்ட்டுக்கு அந்தக் கருவிதான் கண். கருவி காட்டாதது அதன் உலகத்திலேயே கிடையாது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய நிரல்கள் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. ‘இது ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை, யாரும் தொடாதீர்கள்’ என்று நானே குறிப்பு எழுதி வைத்தவை. அன்றைய செயலாளரைப் பற்றி அச்சிலேற்ற முடியாத இரண்டு வரிகளும் நடுவில் உண்டு. அந்தக் கருவிக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எழுதிய இடங்களுக்குள் அது எட்டிப் பார்க்காது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதுபோல, அந்த ஃபோல்டரின் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பயன்படாத நிரலையெல்லாம் கண்டுபிடி என்றேன். தேடிவிட்டு நிரலில் ஒரு துண்டைக் காட்டியது: ‘இதை வேறு எந்த வரியும் கூப்பிட்டு வேலை வாங்கவில்லை. நீக்கிவிடலாமா?’ துளி தயக்கமில்லாத கேள்வி. டீயை உறிஞ்சிக்கொண்டே சரி என்றேன். செய்தி அனுப்புகிற துண்டு அது. அதைக் கூப்பிடுகிற ஒரே வரி கட்டிலுக்கடியில் இருந்தது.

வியாழக்கிழமை காலை சங்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படகுப் பதிவு பார்க்கிற பெண்மணி எதிர் மேசையில். அவர் கணவர் சங்கு குளிக்கிறவர்.

“மூணு நாளா காத்து மெசேஜே இல்லியே அண்ணாச்சி. கடல் நல்லாக் கெடக்கு போல.”

“எதுக்குக் கேக்கிய?”

“அவிய காலைல போயிருக்காவ. நாந்தான் சொன்னேன், மெசேஜ் இல்ல, பயமில்லாமப் போங்கன்னு.”

அந்த நேரம் பார்த்து ஜன்னல் படாரென்று அடித்தது. கச்சான் எழும்பியிருந்தது. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. படகைக் கரைக்கு விடாது. தெருவில் உப்பளத்து வெள்ளைப் புழுதி சுழன்று போயிற்று. செய்தி போகிற நம்பர்களில் என்னுடையதும் உண்டு. போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

புரோகிராம் தினமும் தான் செய்ததை எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்தேன். அன்று விடியற்காலையும் அது தவறாமல் எழுந்து, மதியத்துக்குள் காற்று மிஞ்சும் என்று படித்து, செய்தி அனுப்பும் துண்டைக் கூப்பிட்டு, அது இல்லாததால் யாரும் படிக்காத அந்தக் கோப்பில் ஒரு வரி புலம்பிவிட்டுப் படுத்திருந்தது.

“என்ன அண்ணாச்சி, மொகம் இப்படிப் போவுது?”

“மெசேஜ் வந்திருக்கணும்மா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணவரின் எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் வைத்தார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்றது ஒரு இனிமையான குரல். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே இனிமை. படகின் வயர்லெஸ்ஸும் பதில் சொல்லவில்லை.

பட்டியலிலிருந்து ஃபோல்டரின் பெயரை எடுத்துவிட்டு ஏஜென்ட்டை மீண்டும் தேடச் சொன்னேன். ஒரு நொடிதான். ‘ஓரிடத்தில் கூப்பிடப்படுகிறது. தவறுக்கு வருந்துகிறேன்’ என்று, தவறு அதனுடையதுபோல மன்னிப்புக் கேட்டது. நீக்கியதைத் திரும்பச் சேர்த்து ஓடவிட்டேன். எதிர் மேசையில் போன் அதிர்ந்தது. இருவரும் பாய்ந்தோம்.

‘இன்று காற்று மிஞ்சும். கடலுக்குப் போக வேண்டாம்.’

என் செய்தி. அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்தப் பட்டியலில் சேர்த்தாலும் மறையாது.

மதியம் படகுத்துறையில் நின்றோம். கடல் கலங்கி, பழைய இரும்பு நிறத்தில் கிடந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஒவ்வொன்றுக்கும் அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வேறு யாருடையதாகவோ இருந்தது. நான் அவர் பக்கத்தில் நிற்காமல் நாலடி தள்ளி நின்றேன்.

மூன்று மணிக்குமேல், எதிர்காற்றில் திணறிக்கொண்டு அந்தப் படகு வந்தது. தண்ணீருக்கடியில் மூச்சுவிடுகிற காற்றுக்குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கணவர் இறங்கினார். அந்த அம்மா புருஷன் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு அழுதார். நான் போய், என்னால்தான் செய்தி வரவில்லை என்று நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கணவர் காதிலிருந்து தண்ணீரைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வராததுதான் நல்லதாப் போச்சு அண்ணாச்சி. ஒங்க மெசேஜ் வந்தா மத்த படகு வராதுல்லா, சங்கு பூரா நமக்குத்தான்னு இருட்டோட தூரமாப் போயிருவோம். இன்னைக்கு எல்லாரும் வந்துட்டானுவ, தூரமாப் போயும் பிரயோஜனமில்ல, அதான் கிட்டக்கவே கெடந்தோம்.”