எல்லா ஃபோனிலும் திறக்கிற என் மகள்

எங்கள் தொழிலில் லிங்க் திறந்தால் எங்களை யாருக்கும் தெரியாது. திறக்காவிட்டால் ஊர் பூராவும் எங்களைத் தேடும்.

பிளாக்செயின் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரே பதிவின் நகல் உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும், அவ்வளவுதான். எழுதலாம், படிக்கலாம், அழிக்க மட்டும் முடியாது. அதில் ஒரு பதிவைத் தேடிப் பார்க்க ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி லிங்க் கொடுக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வடிவம் வகுப்பது நான் இருக்கும் சின்னக் குழுவின் வேலை. தென்காசியில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஆபீஸ். மகளுக்கு எட்டு மாதம். அவள் தூங்கின பிறகு இதை எழுதுகிறேன். லிங்க்கை அமுக்கிவிட்டு வெள்ளைத் திரையையே பார்த்து உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, நீங்களும் என் கட்சிதான்.

பெட்டிக்குள் எலுமிச்சை

புளியங்குடியில் ஒரு கமிஷன் கடை அண்ணாச்சி. எந்தத் தோட்டத்துக் காய், என்று பறித்தது என்பதெல்லாம் பிளாக்செயினில் ஏறி, பெட்டி ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு. பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் லிங்க் போய் நின்ற வெப்சைட்டை நடத்தியவர்கள் கடையைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். தூரத்து மார்க்கெட்டில் ஒருவர் ஸ்கேன் செய்தால் சீட்டாட்ட விளம்பரம் ஆடுகிறது!

எங்கள் வடிவத்தில் எந்த வெப்சைட்டின் பெயரும் இருக்காது. என்ன பதிவு என்று மட்டும் லிங்க் சொல்லும், திறப்பது அவரவர் ஃபோனில் இருக்கும் மென்பொருளின் பாடு என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அதெல்லாம் சரிம்மா. பெட்டிக்குள்ள எலுமிச்சை இருக்கு, லிங்க்குக்குள்ள ரம்மி இருக்கு. நான் என்ன யாவாரம் பண்ணுதேன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.”

பதினாலாம் நம்பர்

வெப்சைட் பெயரை எடுத்தாயிற்று. பிளாக்செயின் ஒன்றல்ல, பல உண்டு. பதிவு எந்தச் செயினில் இருக்கிறது என்பதையாவது சொல்ல வேண்டாமா? லிங்க் நீளமாகிறது, அதையும் எடுத்துவிடலாம் என்றார்கள் குழுவில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கான்வென்டில் எங்கள் சிஸ்டர், வகுப்பும் பிரிவும் எழுதாத பரீட்சைத் தாளை அப்படியே ஜன்னல் பக்கம் வீசுவார். பதினாலாம் நம்பர் எல்லா வகுப்பிலும் இருக்கிறது, எந்தப் பதினாலு நீ என்பார். மீட்டிங்கில் இதை நான் சொன்னேன். சரி, செயினின் பெயரைப் போடலாம் என்று முடிவானது. அடுத்த வாரமே ஒரே பெயரில் இரண்டு செயின்கள் இருப்பது தெரிந்து மறுபடி அதிர்ந்தோம்.

வழி சொன்னவர் ரெஜி சேட்டன். குழுவில் மூத்தவர், புனலூர்க்காரர். ஒவ்வொரு செயினுக்கும் முதல் பிளாக், அதாவது முதல் பதிவுக் கட்டு, ஒன்று உண்டு. அதிலிருந்து கணக்கிட்டு வரும் நீண்ட எண் அந்தச் செயினுக்கே உரியது. அதையே அடையாளமாக வைப்போம் என்றார். இவ்வளவு நீளமா என்று நான் முனகினேன். அவர் சிரித்தார்: “மோளே, பேரு ஆரு வேணும்னாலும் வச்சுக்கலாம். பிறந்த நேரத்தை ஆருக்காவது மாத்த முடியுமோ?”

அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சாரலில் கைதட்டல்

சீசனில் குழு முழுக்கக் குற்றாலத்துக்கு வந்தது. மெயினருவியில் வெள்ளம். குளிக்கத் தடை, போலீஸ் விசில். ஐந்தருவிப் பக்கம் எடுத்த வீட்டில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து வேலையை முடித்தோம். வரைவு தயார். அதிலிருக்கும் மாதிரி லிங்க்கை எல்லாரும் அவரவர் ஃபோனில் அமுக்கிப் பார்க்க வேண்டும். எந்த மென்பொருள் இருந்தாலும் ஒரே பதிவு திறந்தால் ஜெயித்தோம். மாதிரியை ரெஜி சேட்டன் போட்டிருந்தார். அமுக்கினோம். எல்லா ஃபோனிலும் திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் மட்டும் தட்டவில்லை. என் கையில் திறந்திருந்தது என் மகள். அவள் பெயர், என் பெயர், பிறந்த நாள், நேரம், ஆஸ்பத்திரி. எங்கள் தொழிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் பிரியப்பட்டவர்கள் பிளாக்செயினில் ஒரு வரி எழுதிப் பரிசளிப்பார்கள். பிரசவத்தன்று என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் என் ஃபோனிலிருந்து எங்கள் ஆபீஸ் குரூப்பில் போட்ட செய்தியை ரெஜி சேட்டன் அப்படியே ஏற்றியிருக்கிறார். வரைவு, அமுக்கிப் பார்க்கச் சொல்லி, அப்போதே பல நாட்டுக்காரர்களுக்கும் போயாயிற்று. என் முகம் போன போக்கைச் சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “வெள்ளி அரைஞாண் கருத்துப்போகும் மோளே. இது ஒருநாளும் போகாது.”

அழிக்கிற பட்டன்

மறுநாள், அது சந்தோஷ அழுகை இல்லை, பயம் என்று சொன்னேன். ரெஜி சேட்டனுக்கு வேர்த்துவிட்டது. வரைவில் மாதிரியை மாற்றி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொய்ப் பதிவின் எண்ணைப் போட்டார். ‘உயிரோடிருக்கும் ஆளின் பதிவை மாதிரியாகக் காட்டக் கூடாது’ என்று நான் ஒரு விதி எழுத, எதிர்ப்பே இல்லாமல் சேர்ந்தது. ஆனால் பழைய வரைவை இறக்கி வைத்திருப்பவர்களை என்ன செய்ய? செயினில் இருப்பதை என்ன செய்ய? அழிக்கிற பட்டன் எங்கே என்று, அது கிடையாது என்று தெரிந்தே தேடுகிறவளை நீங்கள் பார்த்ததுண்டா? நான் தேடினேன்.

அந்த வாரம் முன்பின் தெரியாத ஒரு மென்பொருள்காரர் மெயில் போட்டார். தங்கள் மென்பொருளைச் சோதிக்க எங்கள் பழைய மாதிரியைத்தான் வைத்திருக்கிறார்களாம். வரைவிலும் பதிவிலும் என் பெயரைப் பார்த்துப் பொருத்திக்கொண்டு பாராட்டி எழுதியிருந்தார். படித்துவிட்டு ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்த்தேன். அவர் எழுதிய கடைசி வரி: “உங்கள் மகள் எங்கள் ஆபீசில் தினமும் திறக்கிறாள், ஒருநாள்கூட எங்களை ஏமாற்றியதில்லை.”

அத்தை போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்துதான் ஜாதகம் எழுதுவார்கள். அதுவரை பிறந்த நேரத்தை அசலூர்க்காரர் காதில் போட மாட்டார்கள். எவனாவது கட்டம் போட்டு எதையாவது செய்துவிடுவானாம். கான்வென்ட் படிப்பு படித்த நான் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தவள்தான். என் பயம் வேறு. பெயரும் பிறந்த நாளும் தாய் பெயரும் தெரிந்தால் நாளைக்கு அவள் பெயரில் யார் என்னென்ன செய்யலாம் என்ற பயம். ஆனால் அந்த மெயிலுக்குப் பிறகு இரண்டு பயமும் எனக்கே வந்துவிட்டன.

சோறு இறங்கவில்லை. அத்தை, என் மாமியார், கண்டுபிடித்துவிட்டார். “ஏட்டி, என்னத்த மறைக்கே?” என்றார். சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டினார். “கொண்டா, பாப்போம்” என்றார். ஃபோனை நீட்டினேன். விரலால் வரிவரியாகத் தொட்டுப் படித்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

“இதென்னட்டி, முந்தின நாளு தேதி போட்டு ராத்திரி பத்தே முக்கால்னு இருக்கு? நம்ம பிள்ளை விடியக்காலம் நாலே காலுக்குல்லா பொறந்தா?”

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ரெஜி சேட்டன் தொழில் முறைப்படி நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார். நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். அதனால் தேதியே முந்தின நாளாகிவிட்டது. நேரத்தின் பக்கத்தில் Z என்று ஒரே ஒரு எழுத்து அதைச் சொல்கிறது. அதன் அர்த்தம் தெரிந்த எவரும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அத்தையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். ஃபோனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார்: “முந்தின நாளுன்னா நச்சத்திரமே மாறிட்டே! எவன் கட்டம் போட்டாலும் அது நம்ம பிள்ளை இல்ல. அது எவ பெத்த பிள்ளையோ, அவளுக்குத்தான் பாவம். நீ வந்து சாப்பிடு.”

என் லிங்க் எல்லா ஃபோனிலும் திறக்க வேண்டும் என்று சம்பளத்துக்குப் பகலெல்லாம் பாடுபடுகிறேன். அந்த ஒன்று மட்டும் யார் ஃபோனிலும் திறக்கக் கூடாது என்று சம்பளமில்லாமல் வேண்டிக்கொள்கிறேன்.