கோச் வகையில் பங்காளி

சாந்தாமணி, திருமூர்த்தியின் பெயரை முதலில் கேட்டது, ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் காய்கறிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சித்தியோடு போனில் பேசியபோது. ஒன்பது வருஷம் ஆகிறது. சித்தி மகள் விஷாகாவுக்கு வரன் வந்திருந்தது. பையன் கோபிக்காரன், அமெரிக்காவில் படித்தவன், காலேஜ் ஃபுட்பாலில் வேலை என்றாள் சித்தி.

"பந்து விளையாடறானா?"

"இல்ல கண்ணு. விளையாடறதை வீடியோ எடுத்து, வெட்டி, கோச்சுக்குக் காட்டறானாம்."

"அதெல்லாம் ஒரு வேலையா சித்தி?"

வேலைதான் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். கல்யாணம் நடந்தது.

சாந்தாமணி பத்தாவது தாண்டாதவள். ஆனால் கோயிலிலோ பர்த்டே பார்ட்டியிலோ எந்தத் தமிழரைப் பார்த்தாலும், பேரைக் கேட்குமுன் ஊரைக் கேட்பாள். ஐந்து நிமிஷத்தில் அவர் தனக்கு மாமனா பங்காளியா என்று கண்டுபிடித்துவிடுவாள். பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரிலிருந்து வந்த ஒரு டாக்டர், நான் உங்க பக்கமே இல்ல, மதுரைப் பக்கம் என்று சொல்லிப் பார்த்தார், அவரும் தப்பவில்லை. கணவர் நஞ்சப்பன், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர், அந்த நேரங்களில் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொள்வார்.

கல்யாணமான ஏழு வருஷத்தில் திருமூர்த்தி மூன்று மாநிலம் மாறினார். அந்த வேலையின் வழக்கம் அப்படி. டீம் தோற்றால் தலைமைக் கோச்சை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். பழையவரின் ஆட்கள் வேறு ஊர் தேட வேண்டும். கடைசியில் டாசன் என்ற கோச்சோடு டெக்சாஸ் வந்து, சுகர் லேண்டிலேயே வீடு பிடித்தார்கள். விஷாகாவுக்கு ஹூஸ்டன் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது, மகள் யாமினி ஸ்கூலில் சேர்ந்தாள். "இன்னொரு ஊருன்னா நீங்க மட்டும் போயிக்குங்க" என்று விஷாகா சொல்லிவிட்டாள்.

போன வருஷம் நவம்பருக்குள் டீம் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டாசனை அனுப்பினார்கள். அந்த வாரமே ஹாலிஸ் என்பவர் வந்தார். பழைய ஆட்களைத் தலைக்குப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, யாரை வைத்துக்கொள்வது என்று சொல்வாராம். திருமூர்த்தியின் பத்து நிமிஷம் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு சாந்தாமணி வீட்டுக்கு வந்தவர், தட்டில் சந்தகையைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஏனுங் மாப்ள, அந்த ஹாலிஸ் யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டான்?"

"ஒஹாயோல ஒரு பெரிய கோச் இருந்தாருங்க்கா. அவருகிட்ட அசிஸ்டன்டா இருந்தாரு."

"உங்க டாசன்?"

திருமூர்த்தி யோசித்தார். "அவரும் அங்கதானுங்க. ரெண்டு பேரும் ஒரே ஸ்டாஃப்ல நாலு வருஷம்."

சாந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம் என்ன? ஒரே ஆளுகிட்ட வளந்தவங்க, பங்காளிங்க. நீங்க டாசன் வீட்டுப் பையன்னா, ஹாலிஸுக்கு அண்ணன் மகன் முறை. போனதும் அதை மொதல்ல சொல்லுங்க. கம்ப்யூட்டர் கதையெல்லாம் அப்புறம்."

"அக்கா, அங்க ரெஸ்யூமேதான் பாப்பாங்க" என்றாள் விஷாகா.

"வர்றவன் எல்லாம் அவனவன் ஆளைக் கூட்டியாறான்னு நீதான சொன்ன. ரெஸ்யூமே பாத்தா கூட்டியாறான்?"

யாமினி ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமல், "தட்ஸ் நாட் ஹவ் இட் ஒர்க்ஸ், பெரிம்மா" என்றாள். நஞ்சப்பன் இன்னொரு கரண்டி சந்தகை போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் திருமூர்த்தி போன் பண்ணினார்.

"சொன்னீங்களா மாப்ள?"

"சொன்னேனுங்க்கா. நான் டாசன் ஆளு, நீங்களும் அவரும் ஒரே வீட்டுல வளந்தவங்க மாதிரின்னு சொன்னேன்."

"சந்தோஷப்பட்டிருப்பானே."

"பேனாவை மூடிட்டாருங்க. வேற எடம் பாத்துக்கன்னுட்டாரு. வெளிய வந்தப்புறம் செக்ரட்டரி சொன்னாங்க. ஒஹாயோ பெரியவர் ரிட்டயர் ஆனப்ப, அந்த எடத்துக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்களாம். எட்டு வருஷமாப் பேச்சு இல்லையாம்."

சாந்தாமணி போனோடு சோபாவில் உட்கார்ந்தாள். முறை சொன்னதில் பிழை இல்லை. பேச்சுவார்த்தை இருக்கிறதா என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டாள். அவளுடைய அப்பாவும் சித்தப்பாவுமே ஒரு கிணற்றுக்காகப் பதினோரு வருஷம் முகம் பார்க்காதவர்கள். வெள்ளைக்காரர்களிடம் அதெல்லாம் இருக்காது என்று எப்படியோ நினைத்துவிட்டாள்.

"எம்மேலதான் தப்பு மாப்ள."

"இல்லீங்க்கா. சொல்லாட்டியும் அனுப்பியிருப்பாரு" என்றார் திருமூர்த்தி. அவர் நல்ல மனுஷர்.

விஷாகா இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாந்தாமணி பருப்புப்பொடி டப்பாவோடு போய் நின்றாள். டப்பாவை வாங்கிக்கொண்ட விஷாகா, "இது எனக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பேனா மூடிய கதை ஆபீஸ் முழுக்கச் சுற்றி டாசன் காதுக்கும் போயிருந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் எதிரியின் மேஜைக்கு முன்னாலேயே 'நான் டாசன் ஆள்' என்று சொன்னவன், என்ன தைரியம் என்று வியந்தாராம். ஜனவரியில் டெக்சாஸிலேயே ஒரு சின்ன காலேஜ் அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டபோது, வேலைக்குக் கூப்பிட்டு முதல் போன் திருமூர்த்திக்கு. தைரியம் யாருடையது என்பதைத் திருமூர்த்தி திருத்தவில்லை. சாந்தாமணிதான் கோயிலில் நாலு பேரிடம் திருத்திச் சொன்னாள்.

அந்தக் காலேஜ் இருக்கும் ஊர் நான்கு மணி நேர டிரைவ். விஷாகா ஆஸ்பத்திரி வேலையை விடவில்லை, யாமினியின் ஸ்கூலையும் மாற்றவில்லை. திருமூர்த்தி மட்டும் இப்போது அந்தக் காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் இருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் சுகர் லேண்ட் வருகிறார், திங்கட்கிழமை லீவு, செவ்வாய் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்.