மாப்பிள்ளை திறந்த பழைய ஒயின்

ஓட்டலில் அவரை எல்லாரும் ‘மூக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒயின் ஊற்றும் வேலை. கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி முகர்ந்தால், திராட்சை விளைந்த வருஷம் மழையா வெயிலா என்பதுவரை சொல்லிவிடுவார் என்று சமையல்காரர்கள் அளந்துவிடுவார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. நல்லதா கெட்டதா, இளசா முற்றியதா என்று தெரியும். பிழைப்புக்கு அது போதும்.

வீட்டில் அந்த மூக்குக்கு மதிப்பில்லை. மனைவி சலவைக் கடை வைத்திருந்தாள். கணவரின் தொழில் அவளிடம் சட்டைக் கறையாகத்தான் வந்து சேர்ந்தது.

“முத்தின போர்டோ வகைச் சிவப்பு ஒயின்ல பென்சில் சீவுன வாசம் வரும், மழை பெஞ்ச மண்ணு வரும்…” என்று மகள் பள்ளிக்கூடம் போன நாட்களில் அவர் ஆரம்பித்தால், “பென்சில் வாசத்துக்கா அம்புட்டு விலை? நம்ம பொண்ணு பையைத் தொறந்தா ஓசியிலயே வருமே!” என்பாள்.

மகள் பிறந்த வருஷத்து ஒயின் பாட்டில் ஒன்றை முதலாளி எப்போதோ கொடுத்திருந்தார். வீட்டு மாடிப்படிக்குக் கீழே, இருட்டு மூலையில் இவர் அதைப் படுக்கவைத்துக் காத்துவந்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் ஒரு வாய் குடிப்பதாக மனைவி ஒப்புக்கொண்டிருந்தாள். ஆயுசு பூராவும் தான் எதை முகர்ந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்கு ஒரே ஒரு தடவை விளங்கினால் போதும் அவருக்கு.

அந்த நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மேஜைமேல் கண்ணாடிக் குடுவை நிறைய ஒயின். பக்கத்தில் காலிப் பாட்டில். மகளோடு விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“காலையிலயே தொறந்து ஊத்தி வச்சுட்டேன் மாமா. சிவப்பு ஒயினுக்குக் காத்து படணுமாமே!”

படணும்தான், இளசுக்கு. இத்தனை வயதானது காற்றுப் பட்டால் கொஞ்ச நேரம் மணக்கும், அப்புறம் அடங்கிப்போகும். காலையிலிருந்து சாயங்காலம்வரை என்றால் மிச்சம் எதுவும் இருக்காது. ஆனால் ஆசையாகச் செய்த மாப்பிள்ளையிடம் என்னத்தைச் சொல்ல?

“நல்லதாப் போச்சு மாப்பிள்ளை. எனக்கு வேலை மிச்சம்.”

ஊற்றினார். ஓரத்தில் செங்கல் நிறம், அழகாகத்தான் இருந்தது. மூக்கை வைத்தால் லேசான புளிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

“சூப்பர்ப்பா” என்றாள் மகள். மனைவி ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். கிளாஸை முகர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“இதுல என்னமோ இருந்து, எந்திரிச்சுப் போயிருக்கு. கடையில வாடிக்கைக்காரங்க துணிய வாங்கிட்டுப் போனப்புறமும் அலமாரியில அவங்க வாசம் கொஞ்சம் தங்கியிருக்குமே, அது மாதிரி.”

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. “நான் கெடுத்துட்டேனா மாமா?”

“கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க. அதனால என்ன, விடுங்க” என்றார். பார்வை மனைவியை விட்டு நகரவில்லை. ஓட்டலில் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

“அப்போ போகாம இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டாள் அவள்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்களும் கிட்ட வாங்க, மாப்பிள்ளை.”