தயாளன் அண்ணா ஒருதரம் திறந்த பூட்டு

தயாளன் அண்ணா போய்விட்டார். புதன்கிழமை விடியற்காலை, இரண்டாவது ஸ்ட்ரோக். நேற்று எங்கள் தங்கச் சுரங்க ஊர் சாம்பியன் ரீப்ஸில் அடக்கம் முடிந்தது...

பூட்டு குரூப்பில் இருக்கிறவர்கள் எல்லாரும் இன்பாக்ஸில் ஒரே கேள்வி கேட்கிறீர்கள். அந்த வெளிநாட்டுப் பூட்டை அவர் திறந்தாரா, இல்லையா? ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது எங்கள் பொழுதுபோக்கு. சிலர் குறுக்கெழுத்துப் போடுவார்கள், நாங்கள் இது. திருட்டுத் தொழில் இல்லை. (என் மாமியார் இன்னும் நம்பவில்லை, அது வேறு கதை.)

அண்ணாவுக்குப் பெங்களூரில் லிஃப்ட் மெயின்டெனன்ஸ், எனக்கு அங்கே ஓர் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ். காலை ரயிலில் எதிரெதிர் சீட். யாரோ பூட்டுத் திறக்கும் வீடியோவை அவர் போனில் சேர்ந்து பார்த்தோம், அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. கார் வைப்பரிலிருந்து உருவிய தகட்டை வளைத்துத்தான் எங்கள் முதல் கம்பிகள்.

"எங்கப்பா சுரங்கத்து கேஜுல குந்திக்கினு பூமிக்குள்ள போனாரு. நான் லிஃப்டுல மேல போறன். எங்க ஃபேமிலிக்கு நேரா நடக்கவே வராதும்மா" என்பார்.

ஒருநாள் பங்காருபேட்டையில் ஏறிய ஒரு பெரியவர், எங்கள் மடியில் பூட்டையும் கம்பியையும் பார்த்துவிட்டு ரயில்வே போலீஸைக் கூட்டி வந்துவிட்டார். நான் கம்பியைப் பைக்குள் திணித்தேன். அண்ணா அசரவே இல்லை.

"சார், பூட்டும் என்னுது, கம்பியும் என்னுது. அடுத்தவங்க பூட்ட தொடமாட்டோம். கதவுல மாட்டியிருந்தா நம்ம பூட்டையே தொடமாட்டோம். அதான் ரூலு."

போலீஸ்காரர் பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆயித்தா? ஆயித்தா?" என்று கன்னடத்தில் (முடிந்ததா என்றுதான்) கேட்டு எங்கள் உயிரை எடுத்தார். அன்றைக்கு ஒன்றும் திறக்கவில்லை.

அந்த ரூலுக்காக பக்கத்து ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் சொந்த மச்சானையே பகைத்துக்கொண்டவர் அவர். பாகத் தகராறில் தன் தம்பி போட்ட பூட்டைத் திறந்து கொடு என்று மச்சான் வந்து நின்றார். "முடியாது மச்சான். இது பூட்டு வேலையில்ல, கோர்ட்டு வேலை." அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அண்ணா இறங்கிப் போகவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

இப்போது அந்தப் பூட்டு.

உள்ளே ஸ்பிரிங் கிடையாது. வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றும் அதற்குரிய அளவுக்குத் திரும்பி நிற்க வேண்டும், கூடக் குறைய ஆனால் போச்சு. நம்மை ஏமாற்றவென்றே பொய்ப் பள்ளங்கள் வேறு வெட்டியிருப்பார்கள். உலகம் முழுக்க எங்களைப் போன்ற ஆட்கள் தலையில் அடித்துக்கொள்ளும் ஜாதிப் பூட்டு.

வாங்கிய அன்றே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். "நீயே வெச்சிக்க சுமதி. ஊட்டுல இருந்தா கை சும்மா இருக்காது."

அப்புறம் முதல் ஸ்ட்ரோக். வலது கை விழுந்துவிட்டது. வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மனிதர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியும். நான் வெளியே வந்துதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி அண்ணியின் தையல் மெஷின் மேஜையில் வைஸ் என்கிற இரும்புப் பிடியைப் பொருத்தி, பூட்டை அதில் இறுக்கினார். வலது கை கொடுக்க வேண்டிய அழுத்தத்துக்கு, திறக்கும் கருவியின் பிடியில் கயிறு கட்டி இரும்பு நட்டுகளைத் தொங்கவிட்டார். ஒரு நட்டு கூட்டுவார், ஒன்று குறைப்பார்... மாதக்கணக்கில்.

"கையே வரல, பூட்டுக்கு இன்னா அவசரம்?" என்று அண்ணி கத்துவார்.

"கை வரலன்னா பூட்டு காத்துக்கினு இருக்குமா?" என்று இவர் திருப்பிக் கத்துவார்.

போன ஞாயிறு மத்தியானம் நான் அங்கேதான் இருந்தேன். திறந்தது. கொக்கி எகிறிக்கொண்டு வந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நான் போட்ட சத்தம் அடுத்த லைன் வீடுகளுக்கே கேட்டிருக்கும்.

அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. கொக்கியை அழுத்தி மறுபடி பூட்டினார். "வாழ்த்து சொல்லிடாத. ஒருதரம் திறந்தா லக்கு. ரெண்டாந்தரமும் திறந்தாத்தான் கணக்கு. வர்ற ஞாயித்துக்கெழம வா."

எங்கள் குரூப்பில் எல்லாருக்கும் அதுதான் சட்டம். போட்டதே அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை வந்துவிட்டது.

நேற்று எடுப்பதற்கு முன்னால் அவர் மகன் சரவணன் என்னிடம் வந்தான். "அத்தை, சாவிய குடுங்க. பூட்டத் திறந்து அப்பா கையில வெச்சிடலாம். திறந்துட்டாருன்னே இருக்கட்டும்."

சாவி என் பர்ஸில்தான் இருந்தது. தரமாட்டேன் என்றேன். கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. யாரோ ஒரு பெரியப்பா, "செத்தவனுக்கு இன்னாம்மா ரூலு?" என்றார். நான் பர்ஸைத் திறக்கவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணிதான் நிமிர்ந்து பார்த்தார்.

"குடுக்காத சுமதி. கை போனப்பகூட அவரு சாவி கேக்கல."

பூட்டைத் திறக்காமலே அவர் இடது கைப் பக்கம் வைத்தோம்.

அதனால் குரூப் அட்மினுக்கு... நல்ல மனசோடுதான் கேட்டீர்கள், தெரியும். திறந்தவர்கள் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

போய் வாங்க அண்ணா.

ஒருதரம் திறந்தீங்க. நான் பார்த்தேன்.